உத்திரத்தில் பாவாடை

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நான் சுகம். என் முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உங்கள் காது எப்படி இருக்கிறது? காது மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தால் இந்த விஷயத்தை ஃபோனிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். நீங்கள் அதை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதால் பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் துணி காயப்போடுவது. பின்பக்கத்துக்காரர் மூன்று மாடி எழுப்பிவிட்டார். நம் கொல்லையில் இப்போது பாசிதான் காய்கிறது. மொட்டை மாடிக்கு இருபத்தோரு படி. போன மாதம் ஈரத்துணி வாளியோடு ஏறி, ஒன்பதாவது படியிலிருந்து வாளி மட்டும் தனியாக இறங்கியது. நான் பின்னாலேயே இறங்காதது என் அதிர்ஷ்டம். என் மகனுக்கு இது தெரிந்துவிட்டது. ஜூலையில் வருகிறானாம். "உன்னால சமாளிக்க முடியுதான்னு பாக்கறேம்மா. முடியலேன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்" என்கிறான். அவன் ஃப்ளாட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடம் வாஷிங் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் நடுவில். எனக்கு அது வேண்டாம். உங்கள் தம்பி போன இந்த இரண்டு வருடமாகத் தனியாக இருந்து பழகிவிட்டேன். சாகும்வரை இங்கேதான்.

அதனால் ஒரு தொங்கு கொடி வாங்கிவிட்டேன். இரண்டு இரும்புத் தாங்கி, ஐந்து கட்டை, இரண்டு கப்பி, ஒரு கயிறு. கயிற்றைத் தளர்த்தினால் கொடி இடுப்பு வரை இறங்கும். துணியைப் போட்டுவிட்டு இழுத்தால் மேலே போய்விடும். படி ஏற வேண்டாம். ஜன்னலும் காற்றும் இருப்பது ஹாலில் மட்டும்தான். தச்சர் வந்து பார்த்துவிட்டு, "சின்னச் சட்டமெல்லாம் செல்லரிச்சிருக்கும்மா. கூரையத் தாங்கும், தினம் கயித்த இழுக்கற குலுக்கலத் தாங்காது. நடுவுல இருக்கற பெரிய உத்திரத்துலதான் மாட்டணும்" என்றார். பத்திரத்தில் உங்கள் பெயரும் பாதி இருப்பதால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி மனைவி


பிப்ரவரி 20

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கேட்க வேண்டியதெல்லாம் நன்றாகவே கேட்கிறது. என் காதைப் பற்றி எழுதுமளவுக்கு உன் வாய் வளர்ந்திருப்பதும் தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹாலில் பாவாடையா? எங்கள் அப்பா காலத்தில் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்த ஹால் அது. இனிமேல் வருகிறவர்கள் தலையில் உன் உள்பாவாடை சொட்ட வேண்டுமா? அந்த உத்திரம் ஒரே மரம். பதினாறு அடி, நயம் தேக்கு. நான்கு ஊர் தேடி வாங்கி அப்பா ஏற்றியது. உன் அப்பா வீட்டுக் கூரையை மூங்கில் தாங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மரத்தின் மதிப்பு உனக்குத் தெரியாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் வீட்டு முன்கதவைப் பார்த்தவர்களைக் கேள். நல்ல மரம் இருக்கும் வீட்டில் மனிதர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

அதில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது. துணி காயப்போடக்கூட முடியாத நிலையில் தனி வீடு எதற்கு? மகன் கூப்பிட்டால் போக வேண்டியதுதானே.

நாத்தனார்


மார்ச் 4

அண்ணிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்தது.

ஹாலுக்கு வருகிற பெரிய மனிதர்கள் யாரென்று யோசித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கரண்ட் கணக்கெடுப்பவர். இரண்டு பேருமே வாசலோடு போய்விடுகிறார்கள். எதற்கும் உங்கள் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று பின்னறையில் மாட்டிப் பார்த்தேன். தச்சருக்கு நேரமில்லை, எலக்ட்ரீஷியன் வந்தார். சுண்ணாம்புப் பூச்சில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, ஸ்க்ரூவை முறுக்கினார். "கவலையே படாதீங்கக்கா, யானையே தொங்கலாம்" என்றார். யானை வரவில்லை. மூன்று படுக்கை விரிப்பு வந்தது. மூன்றாவதை மேலே இழுத்தபோது கொடி, கப்பி, ஒரு முறம் அளவு சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து ரேடியோவின் மேல் இறங்கின. நான் ஒரு அடி தள்ளி நின்றதால் இந்தக் கடிதம் எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, விரிப்பு ரொம்ப ஈரமாக இருந்தது என்று கண்டுபிடித்தார்.

உங்கள் தம்பி இருந்திருந்தாலும் இதே கதிதான். ஒரு ஆணி அடிக்கத் தெரியாத மனிதர். காலண்டர் மாட்டக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். சுத்தியலை அவர் பிடிக்கிற அழகைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

உங்கள் முன்கதவை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நான் வரும்போதெல்லாம் "முன்னாடி இப்பதான் கழுவி விட்டிருக்கு, பின்பக்கமா வா" என்று குரல் கொடுப்பீர்கள். முப்பது வருடமாகவா அந்த வாசல் காயவில்லை? என் தொங்கு கொடி உங்களுக்குத்தான் தேவை போலிருக்கிறது.

தம்பி மனைவி


மார்ச் 28

தம்பி மனைவிக்கு,

ரேடியோ போனதில் வருத்தம். அடிபடாமல் தப்பித்தாய், சந்தோஷம்.

என் தம்பியைப் பற்றி இப்படி எழுதாதே. அவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

உத்திரத்தில் ஓட்டை போட்டால் அந்த வழியாகக் கரையான் ஏறும். பாலிஷும் விண்டுபோகும். தவிர, உத்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று அப்பா கண்ணை மூடும்போது என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். இதற்கு மேல் காரணம் கேட்காதே.

மடக்கு ஸ்டாண்ட் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தரையில் நிற்கும். அது போதும் உன் நாலு துணிக்கு.

நாத்தனார்


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

உங்கள் ஸ்டாண்ட் நலமாக வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் நலம் கெட்டது. பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நான்கு காலும் நான்கு திக்கில் போகிறது. ஒரு போர்வை போட்டால் முட்டி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. நடக்கிற வழியை முழுக்க அடைத்துக்கொண்டு, என் நல்ல முழங்காலிலும் இடித்துவிட்டது. இப்போது அதில் வெங்காயம் உலர்த்துகிறேன்.

உங்கள் கரையான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. போன கடிதத்தில் நயம் தேக்கு. இந்தக் கடிதத்தில் கரையான் ஏறும் மரம். எழுபது வருடமாக ஒரு வீட்டைத் தாங்குகிற உத்திரம் என் இரண்டு புடவையைத் தாங்காதா? அந்த உத்திரம் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது, அண்ணி. வருகிறவர்களுக்கெல்லாம் உங்கள் தம்பி மேலே கையைக் காட்டி, "இப்படி ஒண்ணு வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்பார். அப்புறம் என் பக்கம் ஒரு பார்வை. என் அப்பா வீட்டு மூங்கில் அந்தப் பார்வையில் இருக்கும். மாதம் ஒரு தடவை ஒட்டடைக் கம்பில் துணி சுற்றி அதைத் துடைத்தவள் நான். முப்பத்தொரு வருடம். பதிலுக்கு அது என் துணியைச் சுமக்கட்டும்.

தச்சர் இருபதாம் தேதி வருகிறார்.

தம்பி மனைவி


ஏப்ரல் 13

தம்பி மனைவிக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். வேண்டாம். எனக்கு இரண்டு நாளாகப் படபடப்பு. துணி காயவைக்கும் மெஷின் வாங்கித் தருகிறேன், எந்தக் கம்பெனி வேண்டுமோ சொல். வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பார்கள். தச்சரை அனுப்பிவிடு.

நாத்தனார்


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

உங்கள் படபடப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இப்போது அது தொற்றிக்கொண்டது.

கல்யாணத்துக்கு ஒரு டம்ளர்கூட வாங்கித் தராத நீங்கள் மெஷின் வாங்கித் தருகிறேன் என்றதும், என்னவோ இருக்கிறது என்று தெரிந்தது. தச்சரை அனுப்பவில்லை. இருபதாம் தேதி காலை ஏணியில் ஏறினார். மெல்லிய துளை ஒன்று போட்டு, விழுகிற தூளைக் காகிதத்தில் பிடித்தார். அவர் பழக்கம் அது. தூளைத் தேய்த்து, மோந்து பார்த்தால் என்ன மரம், எவ்வளவு உரம் என்று சொல்லிவிடுவார். மோந்தார். மறுபடியும் மோந்தார். கீழே என்னைப் பார்த்தார்.

"தேக்குன்னீங்களேம்மா. தேக்குத் தூள் எண்ணெய்ப் பசையா இருக்கும். இது பேக்கிங் பெட்டித் தூளால்ல இருக்கு."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு அங்குலத்தில் துளைபோடும் பிட் வெறும் காற்றுக்குள் போனது. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம். இரும்பு.

"உத்திரம் இல்லம்மா இது. பெட்டி."

ஒரு பக்கப் பலகையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே துருவேறிய இரும்பு கர்டர் ஒன்று கிடக்கிறது. கூரை அதன் மேல்தான் நிற்கிறது. நாங்கள் இத்தனை வருடம் கும்பிடாத குறையாகப் பார்த்தது அதற்குப் போட்ட சட்டையை. தச்சர் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார். "யாரும்மா செஞ்சது? வெளிய ஒரு ஆணி தெரியல. மூலையெல்லாம் பல்லுக்குப் பல்லு கோத்திருக்கான். பெயிண்ட்லயே ரேகை போட்டு தேக்காக்கியிருக்கான். கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

பலகையின் உட்பக்கம் பென்சிலில் அளவுகள். "கிழக்கு", "மேற்கு" என்று குறிப்பு. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான், உங்கள் தம்பிக்கு. அளவெடுத்துக் கொடுத்தது அவராகத்தான் இருக்கும். கீழே மாதமும் வருடமும். என் மகன் பிறந்த மாதம்.

நான் பிரசவத்துக்கு என் அம்மா வீட்டில் இருந்தேன். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது ஹால் முழுக்க பாலிஷ் வாசனை. "குழந்தை வரானேன்னு உத்திரத்துக்குப் பாலிஷ் போட்டோம்" என்றார் உங்கள் தம்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணி. அந்த வீட்டில் எனக்காக ஒன்று செய்தார்கள் என்று நான் நினைத்தது அது ஒன்றைத்தான். பேரனுக்கு என்று நினைத்தாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்த வாசனையை இன்னும் மறக்கவில்லை.

அந்த உத்திரம் எங்கே? பெட்டியைச் செய்த தச்சர் யார்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? உங்கள் வாசல் ஏன் காயவில்லை என்று இப்போது எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் நீங்களே எழுதுங்கள்.

தம்பி மனைவி


மே 30

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கத்தான் எழுதுகிறேன். உத்திரத்தைத் தொடாதே என்கிற கடிதம் ஒரே வாரத்தில் வந்தது. இதற்குப் பதில் ஐந்து வாரமாக வரவில்லை. ஒருவேளை இதுவும் உங்களுக்குக் கேட்கவில்லையோ?

பெட்டி திறந்தபடியே இருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் சாப்பிடுகிறேன். துணி நாற்காலி முதுகில் காய்கிறது.

தம்பி மனைவி


ஜூன் 18

தம்பி மனைவிக்கு,

நான் சுகமாக இல்லை. அதை நீ கொண்டாட வேண்டாம். காது மெஷினைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம்கூட எரிச்சலாக இருக்கிறது.

கதவுதான். நீ நினைத்தது சரி. கதவும் நிலையும்.

நீ என்னைப் பெரிய இடத்து மருமகள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் அப்படி நினைக்க வைத்தேன். கல்யாணமாகி ஆறு வருடம் என் மாமியார் என்னைக் கொல்லை வழியாகத்தான் உள்ளே விட்டாள். "உங்க வீட்டுலேர்ந்து என்ன வந்துச்சு, முன்வாசல்ல நுழைய?" என்பாள். நாங்கள் புது வீடு கட்டியபோது அப்பாவிடம் போய் அழுதேன். வேறு மரம் வாங்க அப்பாவால் முடியவில்லை. உத்திரத்தை இறக்கி, ஒரு பழைய ஆலையை இடித்த இடத்திலிருந்து கர்டர் கொண்டுவந்து ஏற்றினார். கதவு வந்த அன்று மாமியார் அதை விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து நான் முன்பக்கமாக நடந்தேன். உன்னைப் பின்பக்கம் வரச் சொன்னது, நீ கதவைப் பார்த்து அடையாளம் கண்டுவிடுவாயோ என்கிற பயத்தில். ஆரம்பத்தில் அப்படித்தான். அப்புறம் எனக்கே அது பிடித்துப்போய்விட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கர்டருக்கு வெறும் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார் அப்பா. உன் புருஷன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உங்கள் மூங்கிலைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு உத்திரத்தைப் பற்றி உன் அப்பாவிடம் பெருமை பேசியிருந்தான். "அவ வந்து இரும்பப் பாத்தா சிரிப்பாக்கா" என்றான். அதுதான் அவன் பயம்.

தச்சர் யாரென்று கேட்டாயே. தச்சர் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் முடித்த பிறகு இரண்டு வருடம் அவன் ஒரு மரப் பட்டறையில் வேலை பார்த்தான். உன் வீட்டில் ஆபீஸ் மாப்பிள்ளை என்று சொல்லியிருந்ததால் பட்டறையை மறைத்தோம். பெட்டியைத் தனியாளாக இருபத்திரண்டு நாளில் செய்தான். முடித்த அன்றே உளி, இழைப்புளி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டான். "எனக்கு மர வேலை தெரியும்னு தெரிஞ்சா, என்னிக்காவது ஒரு நாள் மேல பாத்து யோசிப்பா" என்றான். அதற்கப்புறம் அவன் சுத்தியலை ஒழுங்காகப் பிடிக்கவே இல்லை.

சாக்கு என் பரணில்தான் இருந்தது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கொடியை எப்படி வேண்டுமானாலும் மாட்டிக்கொள்.

நாத்தனார்


ஜூலை 16

அண்ணிக்கு,

நான் சுகம். காது மெஷினைக் கழற்றாதீர்கள், எரிச்சல் பத்து நாளில் பழகிவிடுமாம்.

கொடி மாட்டியாகிவிட்டது. கர்டரில் ஓட்டையே போடவில்லை. வெல்டர் ஒருவர் அதைச் சுற்றி இரண்டு இரும்புப் பட்டை செய்து, போல்ட் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு முறுக்கினார். பட்டைக்குக் கீழே கப்பி. கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொக்கி செங்கல் சுவரில். நிறைய தண்ணீரோடு இரண்டு வாளியை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தோம், ஒரு நூல்கூட இறங்கவில்லை. தேக்கு இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாக வந்திருக்காது என்கிறார் தச்சர். உங்கள் கதவுக்கு நன்றி.

பெட்டியை மறுபடி மூடச் சொன்னேன். பட்டை வெளியே வர இரண்டு இடத்தில் மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அதை அவருடைய உளியால்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். தச்சர் அதைத் தீட்டிவிட்டு, "நல்ல கை பழகின உளிம்மா" என்றார்.

மகன் வந்தான். நான் கொடியை இறக்கி, துணி போட்டு, ஒரு கையால் மேலே ஏற்றிக் காட்டினேன். அவனும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். "சரிம்மா, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு நேற்று கிளம்பிப் போனான்.

நான் சிரிப்பேன் என்று உங்கள் தம்பி பயந்தார் அல்லவா? உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிக்கத்தான் செய்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். இரும்புக்குச் சட்டை தைத்துப் போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் அதைக் காட்டிய மனிதரை நினைத்தால் வேறென்ன செய்வது? மறுநாள் பார்சல் வந்து சாக்கைப் பிரித்தேன். பிடியெல்லாம் கைபட்டுத் தேய்ந்திருந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவர் என்று நான் அவரைச் சொல்லாத நாள் இல்லை. மகன் முன்னால் சொன்னேன், விருந்தாளிகள் முன்னால் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று காலையில்கூடச் சொன்னேன். எல்லாம் அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துதான். வந்தவன் போனவனுக்கெல்லாம் மேலே கையைக் காட்டிய மனிதர், நான் அப்படிச் சொல்லும்போது மட்டும் ஒரு தடவைகூட நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை.

பீரோவில் அவருடைய சட்டை ஒன்று இருந்தது. இன்று துவைத்து நடுக்கட்டையில் போட்டிருக்கிறேன், என் பாவாடைக்குப் பக்கத்தில்.

அடுத்த மாதம் உங்களைப் பார்க்க வருகிறேன். வாசலைக் கழுவ வேண்டாம். முன்பக்கமாகத்தான் வருவேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரி